தூக்க மாத்திரை மட்டும் கேட்காதீர்கள்

எனக்கு பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்) இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு எங்கள் ஓ.பி.க்கு யாரும் வருவதில்லை. தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், குடி அதிகமாகிவிட்டது என்றுதான் வருவார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவரை அவர் மனைவி அழைத்துவந்தார். மஞ்சப்பையைத் திறந்து மேசைமேல் கொட்டினார். மூன்று டாக்டர்களின் சீட்டு, ஈ.சி.ஜி., வயிற்று ஸ்கேன், இடுப்பு வலிக்கு வாங்கிய டிரமடால், பாதி தீர்ந்த அல்பிரசோலம் அட்டை. "எல்லாம் நார்மல்னுதான் சொல்றாங்க மேடம். தூக்கத்துக்கு மட்டும் நல்லதா ஒண்ணு எழுதிக் குடுங்க, போதும்" என்றார் ஓட்டுநர். சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, அவர் ஓட்டிய பேருந்தில் மோதி பைக்கில் வந்தவர் இறந்துபோனார். அதை மனைவிதான் சொன்னார், அதுவும் கணவர் தண்ணீர் குடிக்க வெளியே போன பிறகு. (நான் இங்கே சொல்லும் நோயாளிகளை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

டெல்டாவின் கடலோர ஊர் ஒன்றில் மனநல மருத்துவராக இருக்கிறேன். இந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வழிகாட்டி நூல்களில் பதில் சுருக்கமாகவே இருக்கிறது: பேச்சு வழிச் சிகிச்சை முதலில், சில மாத்திரைகள் அடுத்து, தூக்க மாத்திரை வேண்டாம். அமெரிக்க ராணுவ, முன்னாள் படைவீரர் துறைகள் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டி அதைத்தான் சொல்கிறது. பிரிட்டன் 2018-ல் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். எது நல்லது என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை இல்லை. இந்த மனிதருக்கு, இந்த ஊரில், இந்த மாதத்தில் எது நடக்கும் என்பதில்தான் என் நேரமெல்லாம் போகிறது.

நோய் அதுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். 1980-ல், வியட்நாம் போர் முடிந்து சில ஆண்டுகளில், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறிய பெயர் இது. உயிருக்கு ஆபத்தான ஒன்றை அனுபவித்தவருக்கோ கண்ணால் பார்த்தவருக்கோ அந்தக் காட்சி கூப்பிடாமல் திரும்பத் திரும்ப வரும், கனவிலும் வரும். நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் ஒதுக்குவார். "என்னாலதான்", "யாரையும் நம்ப முடியாது" என்ற எண்ணம் ஊறிப்போகும். உடம்பு எப்போதும் காவல் நிற்கும். கதவு படீரென்று சாத்தினால் துள்ளி எழுவார். இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் கெடுத்தால்தான் அந்தப் பெயரை எழுதுவோம். உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் இப்படியொரு சம்பவத்தைச் சந்திக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் நோயாக மாறுவது 5.6 சதவீதம் பேருக்கு. மற்றவர்களுக்கு வீடும் உறவும் காலமும் போதுமானதாக இருக்கின்றன.

அதனால் முதல் சில வாரங்களில் என் வேலை பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான். சாப்பாடு, படுக்க இடம், பக்கத்தில் நம்பிக்கையான ஓர் ஆள், தொலைந்தவர்களைப் பற்றிய சரியான தகவல். பேச விரும்பினால் கேட்கலாம், விரும்பாதவரைத் தோண்டக் கூடாது. சம்பவம் நடந்த சூட்டோடு எல்லாரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் கொட்டச் சொல்லும் முறை ஒருகாலத்தில் ஓகோவென்று நடந்தது. அது நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டியபின் வழிகாட்டிகள் கைவிட்டன. பேரிடர் முகாமுக்கு நல்ல மனத்தோடு வரும் தன்னார்வலர்களிடம் இதைச் சொல்வது சங்கடமான காரியம்.

மாதம் கடந்தும் ஓயவில்லை என்றால் விசாரிக்க நிறைய இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்பதை நேராகவே கேட்பேன். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. (இந்த வரியைப் படிக்கும்போது யாராவது நினைவுக்கு வந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.) விபத்தில் தலையில் அடிபட்டதா? மறதி, எரிச்சல், தூக்கக் கேடு அதனாலும் வரும். குடிக்கிறாரா? முன்பெல்லாம் முதலில் குடியை நிறுத்திவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்று திருப்பி அனுப்புவதுண்டு. இப்போது இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம். கனவுக்குப் பயந்து குடிப்பவரிடம் கனவை விட்டுவிட்டுக் குடியை மட்டும் நிறுத்தச் சொல்லி என்ன பயன்?

இன்னொரு கேள்விக்கு வரும் பதில் சில நேரம் திட்டம் முழுவதையும் மாற்றிவிடும்: ஆபத்து முடிந்துவிட்டதா? கணவரிடம் அடிவாங்கும் ஒரு பெண், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது என்று வந்தார். அந்தக் கணவர் அன்றிரவும் வீட்டுக்கு வரப்போகிறவர். அந்தப் பெண்ணின் பயத்தில் பாதி நோய் அல்ல, அவரைக் காப்பாற்றும் எச்சரிக்கை. அதை மருந்து கொடுத்து மழுங்கடித்தால் நான் யாருக்கு வைத்தியம் பார்க்கிறேன்? அவருக்கு முதலில் எழுதியது 181 என்ற மகளிர் உதவி எண். அவர் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இப்போது ஓட்டுநரின் அல்பிரசோலத்துக்கு வருகிறேன். அல்பிரசோலம், குளோனசிபாம், டயசிபாம் எல்லாம் ஒரே குடும்பம். போட்ட அரைமணியில் படபடப்பு அடங்கும், அதனால்தான் அவற்றுக்கு இவ்வளவு மவுசு. சட்டப்படி அல்பிரசோலம் ஹெச்1 பட்டியலில் இருக்கிறது. சீட்டு எழுதிய டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். இந்த நோயில் அது தரும் நிம்மதிக்கு விலை அதிகம். பயம் எழுந்து, உச்சிக்குப் போய், ஆபத்து எதுவும் நேராமல் தானாக இறங்குவதை மூளை பலமுறை பார்த்தால்தான் அந்த நினைவு வெறும் நினைவாகும். மாத்திரை அந்தப் பாடத்தை நடக்கவே விடுவதில்லை. நாள்பட்டால் டோஸ் ஏறும், விட முடியாது. குடியோடு சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. ஆனாலும் மாதக்கணக்கில் போடுபவரிடம் இன்றே நிறுத்து என்று சொல்வதும் தவறு, வலிப்பு வரலாம். கொஞ்சம் கொஞ்சமாக வாரக்கணக்கில் இறக்கினோம். அவர் மனைவிக்கு என்மேல் கோபம். "உள்ளதையும் பிடுங்கிட்டீங்களே மேடம்" என்றார். நியாயமான கோபம்தான்.

மாத்திரையே வேண்டாமா என்றால், வேண்டும், வேறு வகை. நல்ல ஆதாரமுள்ளவை செர்ட்ராலின், பராக்செட்டின், வென்லாஃபாக்சின். மூன்றும் மனச்சோர்வுக்கு வந்த மருந்துகள். இவற்றுள் எது என்பதை நோயின் பெயரைவிட ஆளின் உடம்பும் வீடும்தான் முடிவு செய்கின்றன. ரத்த அழுத்தக்காரருக்கு வென்லாஃபாக்சினைத் தவிர்ப்பேன், அழுத்தம் ஏறலாம். கருத்தரிக்க நினைக்கும் பெண்ணுக்குப் பராக்செட்டின் எழுதுவதில்லை. பால் கொடுக்கும் தாய்க்குச் செர்ட்ராலின் ஒப்பீட்டளவில் ஏற்றது. ஓட்டுநருக்கும் செர்ட்ராலின்தான், ஆனால் முதலில் அந்த டிரமடால் போக வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்தால் வலிப்பும் காய்ச்சலும் நடுக்கமும் வரக்கூடும். விபத்தில் அடிபட்டவர் வலிக்கு என்ன போடுகிறார் என்று பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

செர்ட்ராலினை 25 மில்லிகிராமில் தொடங்குவோம், ஒரு வாரத்தில் 50. தேவைப்பட்டால் 200 வரை போகலாம். முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு, சிலருக்கு இருப்புக்கொள்ளாமை வரும், பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் அட்டை பத்தாம் நாள் குப்பைக்குப் போய்விடும். தாம்பத்தியத்தில் குறை வரலாம் என்பதையும் நானே எடுத்துச் சொல்வேன். ஆண்கள் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள், மாத்திரையைத்தான் நிறுத்துவார்கள்.

கெட்ட கனவு மட்டும் ஓயாதவர்களுக்கு இரவில் பிரசோசின். பழைய ரத்த அழுத்த மருந்து. 2018-ல் வந்த பெரிய ஆய்வில் 304 முன்னாள் படைவீரர்களிடம் அது போலி மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. ஆனாலும் கனவுக்கு முயன்று பார்க்கலாம் என்று 2023 வழிகாட்டி தளர்வாகச் சொல்கிறது. நானும் முயல்கிறேன், சிலருக்குக் கேட்கிறது. முதல் டோஸ் போட்ட இரவு கழிப்பறைக்குச் சட்டென்று எழுந்து போக வேண்டாம், தலைசுற்றி விழலாம் என்று இரண்டுமுறை சொல்லி அனுப்புவேன்.

பேச்சு வழிச் சிகிச்சையில் எனக்கு நம்பிக்கை அதிகம், ஆள் குறைவு. சம்பவத்தை நிகழ்காலத்தில், இப்போது நடப்பதுபோல, திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது ஒரு முறை. எட்டு முதல் பதினைந்து அமர்வு, ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம் வரை. கூடவே ஒதுக்கிய இடங்களுக்குப் படிப்படியாகப் போக வேண்டும். இன்னொன்றில் சம்பவத்தைவிட அதைப் பற்றிய தீர்ப்புகளை எடுத்து விசாரிப்போம், வழக்கமாகப் பன்னிரண்டு அமர்வு. சுனாமி அலையில் பிள்ளையின் கை நழுவிய தாய் "நான்தான் விட்டுட்டேன்" என்று இருபது ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தால், அந்த வாக்கியத்தோடுதான் உட்கார வேண்டும்: தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, உன் மற்றொரு கையில் யார் இருந்தார்கள்? மூன்றாவது, நினைவை மனத்தில் நிறுத்தியபடி கண்களை இடவலமாக நகர்த்தும் ஈ.எம்.டி.ஆர். அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சைன் ஷாபிரோ 1987-ல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது தோன்றியது என்பார்கள். கண்ணசைவுதான் குணமாக்குகிறதா என்பதில் சர்ச்சை தீரவில்லை; குணமாவதில் சர்ச்சை குறைவு.

ஆய்வுகள் இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைக்கின்றன. யாருக்கு எது என்பதில் நாங்கள் கைப்பழக்கத்தை நம்புகிறோம். குற்ற உணர்வு தூக்கலாக இருந்தால் இரண்டாவது. விவரமாகச் சொல்லவே முடியாது என்பவருக்கு மூன்றாவது. ஓட்டுநருக்கு ஒதுக்கல்தான் பெரிய தொல்லை, பேருந்து நிலையத்தைத் தவிர்க்க ஊரைச் சுற்றிப் போவார். எனவே முதல் முறை. பாடப்புத்தகப்படி அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, வீட்டில் தினமும் கேட்கச் சொல்ல வேண்டும். "கேஸ் நடக்குது மேடம். போன்ல இருக்கறது வக்கீல் கைக்குப் போனா?" என்று கேட்டார். பதிவை விட்டுவிட்டோம், அமர்வுகளைக் கூட்டினோம். உளவியலாளர் அவரை முதலில் பேருந்து நிலையத்து டீக்கடையில் நிற்கவைத்தார். பிறகு நிறுத்திய பேருந்தில் உட்கார்ந்தார், பிறகு பயணியாக முன்சீட்டில் போனார், விபத்து நடந்த வளைவைப் பகலிலும் இரவிலும் கடந்தார். பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒவ்வொரு முறையும் அவரே போட வேண்டும். மீண்டும் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும் என்று நாங்கள் குறி வைக்கவில்லை. அது அவர் முடிவு. டெப்போவுக்குள் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்.

மீனவர்களுக்கு எந்த முறை என்பதைவிட எந்த மாதம் என்பது முக்கியம். வாராவாரம் வரச் சொன்னால் கடலுக்குப் போகும் ஆள் எப்படி வருவார்? கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுக்காரர்களுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையை நாங்கள் அந்த இரண்டு மாதத்தில் வைத்துக்கொள்கிறோம். வாரம் இருமுறை வந்தால் முடித்துவிடலாம். தையிலோ மாசியிலோ வந்தவருக்கு அதுவரை மாத்திரை. வழிகாட்டியின் வரிசை எங்கள் ஊரில் தலைகீழாவது இப்படித்தான்.

ஆள் பற்றாக்குறை பற்றிப் பேசும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டும் ஆய்வு, பாக் நீரிணைக்கு அப்பாலிருந்து வந்தது. சுனாமி முடிந்த சில வாரங்களில், வடகிழக்கு இலங்கையின் புது முகாம் ஒன்றில், போரையும் அலையையும் பார்த்த 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு தன் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லிக் கதையாக்கியது. மற்றது தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. இரண்டுக்கும் ஆறே அமர்வு, நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் நோயிலிருந்து மீண்டிருந்தன. சிறிய ஆய்வு, சிகிச்சையே பெறாத குழு ஒப்பிட இல்லை. இருந்தும், அந்த மண்ணின் பேச்சு தெரிந்தவருக்குப் பயிற்சி கொடுத்தால் வேலை நடக்கும் என்பதற்கு இது போதுமான அத்தாட்சி என்று நினைக்கிறேன். எங்கள் கிராமச் செவிலியர்களை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

போதைப்பொருளான எம்.டி.எம்.ஏ.வை வைத்து அமெரிக்காவில் வைத்தியம் வந்துவிட்டதாமே என்று படித்த நோயாளிகள் கேட்கிறார்கள். 2024 ஆகஸ்டில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதி மறுத்து மேலும் ஆய்வு கேட்டது. கஞ்சாவையும் 2023 வழிகாட்டி வேண்டாம் என்கிறது.

மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதும் தேர்வில் ஒரு பகுதிதான். நன்றாக ஆனபின் ஓராண்டு வரை தொடர்ந்து, பிறகு சில வாரங்களில் படிப்படியாக இறக்குவோம். சட்டென்று விட்டால் தலைசுற்றலும் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வும் வரும். கடலோரத்து ஆட்களுக்கு நான் ஐப்பசி முதல் மார்கழி வரை எந்த டோஸையும் குறைப்பதில்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் மாதங்கள் அவை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்ததும் அந்தக் காலத்தில்தான். அதன்பின் சுனாமி நினைவு நாளான டிசம்பர் 26 வரும், ஊரே மெழுகுவத்தி ஏற்றும். தேறிவந்த ஒரு மீனவர் போன கார்த்திகையில், "இப்ப நல்லாத்தான் இருக்கேன், நிறுத்திடலாமா டாக்டரம்மா?" என்று கேட்டார். பொங்கல் கழிந்து வாங்க என்று சீட்டில் எழுதி, அதே 100 மில்லிகிராமை இரண்டு மாதத்துக்குக் கொடுத்தனுப்பினேன்.