தென்னாற்காட்டு எல்லையும் விஷச் சாராயமும்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையேயுள்ள எல்லையைக் காப்பது எப்படி என்னும் கேள்வி, ஒவ்வொரு விஷச் சாராயச் சாவுக்குப் பின்னும் எழுகிறது; சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. 2001-ம் வருஷத்தில் பண்ருட்டிப் பகுதியில் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 14 பேர் மாண்டனர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அண்டை ஊர்களிலும் 65-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இம்மூன்று இடங்களும் இன்று மூன்று ஜில்லாக்களில் உள்ளன. ஆனால் மூன்றும் பழைய தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தவை. 1993-ல் அந்த ஜில்லா பிரிக்கப்படும் வரையில் கடலூரே அதன் தலைநகராக விளங்கிற்று. ஒரே ஜில்லாவின் நிலப்பரப்பில் மும்முறை இத்தகைய கொலை நடந்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

இந்நாட்டின் எல்லைகள் எப்படிப் பிறந்தன என்பதை முதலில் நோக்குவோம். 1690-ல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரையிலுள்ள நிலமும் அவர்களுடையது என்பது அன்றைய ஏற்பாடு. திசைதோறும் பீரங்கி சுட்டார்கள். குண்டு விழுந்த ஊர்கள் கம்பெனியின் ஊர்களாயின. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அவ்வூர்களுக்கு அதனாலேயே ஏற்பட்டது. வடக்கே சில காத தூரத்தில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியைத் தமது கோட்டையாக்கிக்கொண்டிருந்தனர். இவ்விரு கம்பெனிகளின் போட்டியிலும் போரிலும் துண்டு துண்டாய் வெட்டப்பட்ட நிலத்தையே நாம் இன்று ஓர் எல்லை என்று அழைக்கிறோம். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வரும் பெருவழியில் பிரயாணம் செய்வோர் இதைக் கண்ணாரக் காணலாம். தவளக்குப்பம் புதுச்சேரியைச் சேர்ந்தது. அதையடுத்த ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. அப்பால் கிருமாம்பாக்கம் மறுபடியும் புதுச்சேரி. கன்னியக்கோயிலும் முள்ளோடையும் கடந்தபின் மீண்டும் தமிழ்நாடு. அண்ணன் வயல் ஒரு ராஜ்யத்திலும் தம்பி வயல் மற்றொரு ராஜ்யத்திலும் இருக்கக்கூடிய இவ்வெல்லைக்கு மலையுமில்லை, வேலியுமில்லை.

இந்த எல்லையை அன்னிய அரசாங்கத்தார் எதற்குப் பயன்படுத்தினர்? 1908-ல் சுப்பிரமணிய பாரதியார் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தார். அங்கிருந்து அவர் நடத்திய ‘இந்தியா’ பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வாராதபடி தடுக்கப்பட்டது. அந்நாளில் தேசபக்தர்களின் எழுத்தே கடத்தற் சரக்கு! 1910-ல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் அங்கு வந்து சேர்ந்தார்கள். பத்தாண்டு கழித்து, 1918 நவம்பரில், தாய்நாட்டு மண்ணில் கால்வைத்த பாரதியார் கடலூருக்கருகில் கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். தமிழ்நாட்டின் பெருங்கவி தமிழ்நாட்டுக்குள் வந்ததே குற்றமாயிற்று. எல்லைக் காவல் என்பது யாரைத் தடுக்கிறது, எதற்காகத் தடுக்கிறது என்பதைக் கொண்டே அதன் நியாயத்தை அளக்க வேண்டும் என்ற பாடத்தைக் கடலூர்ச் சிறை நமக்குக் கற்பித்திருக்கிறது.

மற்றொரு பாடமும் உண்டு. 1941-ல் பிரெஞ்சு இந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே சுங்க ஒப்பந்தம் ஏற்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் அது முடிவுக்கு வந்ததும், எல்லையில் சுங்கக் காவல் போடப்பட்டது. அப்பால் நடந்தது யாவரும் அறிந்ததே. தங்கமும் வைரமும் கைக்கடிகாரமும் புதுச்சேரித் துறைமுகத்தில் இறங்கி, இரவோடிரவாக எல்லையைத் தாண்டின. காவலைப் பெருக்கினார்கள், கடத்தலும் பெருகிற்று. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. எல்லையின் இருபுறத்தும் ஒரே சுங்கச் சட்டம் வந்ததும், அந்த எல்லை வழியாகத் தங்கமும் கடிகாரமும் கடத்துவதில் லாபமில்லாமற் போயிற்று. காவலர் அத்தனை பேரும் செய்ய முடியாததை ஒரு சட்ட ஒற்றுமை செய்து முடித்தது.

மது விஷயத்தில் மட்டும் அந்த ஒற்றுமை ஏற்படவில்லை. ராஜாஜி மந்திரிசபை 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2-ல் சென்னை ராஜதானி முழுவதற்கும் பரவிற்று. புதுச்சேரியிலோ கள்ளுக்கடையும் சாராயக்கடையும் பிரெஞ்சு ஆட்சியிலும் இருந்தன, இணைந்த பின்னும் இருந்தன. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மது மாகாணங்களின் அதிகாரத்தில் விடப்பட்டிருப்பதால் டில்லி சர்க்காரும் வாளாவிருந்தது. தமிழ்நாட்டில் 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. பிறகு போடுவதும் எடுப்பதுமாகக் காலம் சென்றது. 1983-ல் ஏற்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. 2023-24-ம் வருஷத்தில் இவ்வழியில் சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். தமிழ்நாட்டில் சாராயம் கூடாது. புதுச்சேரியில் உரிமம் பெற்ற சாராயக்கடை உண்டு. பாட்டிலில் வரும் மதுவும் அங்கே நெடுங்காலமாகக் குறைந்த விலைக்கு விற்கிறது. முள்ளோடையில் ஒரு விலை, ஆல்பேட்டைச் சோதனைச் சாவடிக்கு இப்பால் வேறு விலை. இந்த வித்தியாசமே கடத்தல்காரனின் மூலதனம்.

சிதம்பரத்தின் நிலைமை இதனினும் சங்கடமானது. வடக்கே புதுச்சேரி, தெற்கே கொள்ளிடத்துக்கப்பால் காரைக்கால். இரண்டு பழைய பிரெஞ்சுப் பிரதேசங்களுக்கும் நடுவே அது அமைந்திருக்கிறது. தரங்கம்பாடியையும் சீர்காழியையும் கடந்து வல்லம்படுகையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் சிதம்பரம் தாலூகா. கிழக்கே பரங்கிப்பேட்டையும் கிள்ளையும் பிச்சாவரத்து உப்பங்கழிகளும் இருக்கின்றன. பெருவழியில் ஒரு சாவடி வைத்தால் பத்துக் கிளைவழிகள் திறந்து கிடக்கும் பூமி இது. சாவடியில் அகப்படுவோர் யார்? பையில் நாலு பாட்டில் சுமந்து வரும் ஏழைகளும், கூலிக்கு வண்டி ஓட்டும் வாலிபருமே பெரும்பாலும். பணம் போட்டவன் சாவடிப் பக்கம் வருவதில்லை.

விஷச் சாராயத்தின் கதையோ வேறு. அதில் உயிரைக் குடிப்பது மெத்தனால் என்னும் ஆலைச் சரக்கு. வர்ணங்கள், மருந்துகள், ரசாயனப் பொருள்கள் முதலியவற்றைச் செய்வதற்கு அது தேவைப்படுகிறது. பார்வைக்குச் சாராயத்தைப் போலவே தெளிந்திருக்கும், விலையோ மலிவு. வயிற்றுக்குள் சென்றதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணரம்பைத் தாக்குகிறது. சில தேக்கரண்டி அளவே ஒருவனைக் குருடாக்கவோ கொல்லவோ போதும். பல மணி நேரம் கழித்தே குணங்கள் தோன்றுவதால், குடித்தவன் சாதாரணப் போதையென்று படுத்துவிடுகிறான். 2023-ல் மாண்டவர்கள் குடித்தது ஆலைகளில் உபயோகிக்கும் மெத்தனாலே என்று போலீஸ் இலாகாவே அறிவித்தது. அப்படியானால் குற்றத்தின் பிறப்பிடம் ஆற்றங்கரையுமன்று, எல்லைச் சாவடியுமன்று. கணக்கில்லாமல் பீப்பாய் வெளியே போன ஆலை வாயிலும் கிடங்குமே அதன் பிறப்பிடம்.

கள்ளக்குறிச்சிச் சம்பவத்துக்குப் பிறகு, 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் 2024 ஜூன் மாதத்திலேயே திருத்தப்பட்டது. கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால் விற்றவனுக்கு ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க இடம் ஏற்பட்டது. வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் அதே வருஷம் நவம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. கொலைக்குத் தண்டனை வேண்டியதே. அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் செத்தபின் வரும் தண்டனை, சாகாமற் காக்கும் ஏற்பாட்டுக்கு ஈடாகாது.

சட்டம் ஒன்றானால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கஞ்சா முதலிய போதைப்பொருள்களைப் பற்றிய 1985-ம் வருஷத்துச் சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒன்றே. இருந்தும் ஆந்திர, ஒரிசா மலைப்பகுதிகளில் விளையும் கஞ்சா ரயிலிலும் லாரியிலும் தமிழ்நாட்டுக்கு வருகிறது. இங்கிருந்து பாக் ஜலசந்தி வழியாக இலங்கைக்கும் செல்கிறது. ஆகவே சட்ட ஒற்றுமை எல்லைக் கடத்தலின் லாபத்தை அழிக்குமே தவிர, போதையின் தேவையை அழிக்காது. தேவையை அழிக்க வைத்தியமே வழி. அச்சட்டத்திலேயே இதற்கு இடமிருக்கிறது. போதைக்கு அடிமையானவன் தானாகவே சிகிச்சைக்கு முன்வந்தால், உபயோகித்த குற்றத்துக்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ அவன்மீது வழக்குத் தொடரக்கூடாது என்கிறது 64-ஏ பிரிவு. கஞ்சாவில் ஒரு கிலோவரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வியாபார அளவு என்ற பாகுபாடும் உண்டு. நோயாளியையும் வியாபாரியையும் சட்டம் பிரித்திருக்கிறது. அப்பிரிவினை காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வந்து சேர வேண்டும்.

கள்ளத்தனமாக எல்லை கடக்கும் மனிதரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1983 முதல் ஈழத்திலிருந்து உயிருக்கஞ்சிக் கடல் கடந்து வந்தவர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்கின்றனர். கடலூர் ஜில்லாவில் குறிஞ்சிப்பாடியிலும் முகாம் இருக்கிறது. 1987 ஜூலைக்குப் பின் இம்மண்ணிலேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகள், பெற்றோர் இருவரில் எவரும் இந்தியப் பிரஜையாக இல்லாதபோது, பிறப்பினால் பிரஜா உரிமை பெறுவதில்லை. 2019-ம் வருஷத்துத் திருத்தச் சட்டமும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தின் தண்டனைகளிலிருந்து, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருப்பது சிறிது ஆறுதல். கடற்கரைக் காவல் இலாகா கஞ்சாப் படகைத் தேடட்டும். அதே கண்கொண்டு அகதிப் படகையும் பார்ப்பது, பாரதியாரைப் பிடித்த பழைய காவலின் புத்தியேயன்றி வேறில்லை.

இனிச் செய்ய வேண்டியவை என்ன? முதலாவதாக, தமிழ்நாட்டு சர்க்காரும் புதுச்சேரி சர்க்காரும், புதுச்சேரி யூனியன் பிரதேசமாதலால் டில்லி சர்க்காரும், ஒரே மேஜையில் அமர்ந்து மதுவின் விலையிலும் வரியிலும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்க வேண்டும். எல்லையோரத்தில் கடைகள் மொய்ப்பதைத் தடுக்க இருவரும் ஒப்பிய விதி செய்யவேண்டும். இதனால் புதுச்சேரிக்கு வருமான நஷ்டம் ஏற்படும் என்பது மெய்யே. அதை ஈடுசெய்வது மத்திய சர்க்காரின் பொறுப்பு. அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவில் மதுவிலக்கை லட்சியமாக எழுதிவைத்த தேசம் இந்தச் சிறு செலவுக்குப் பின்வாங்கலாகாது.

இரண்டாவதாக, மெத்தனாலைப் பீப்பாய் பீப்பாயாகக் கணக்கிட வேண்டும். உற்பத்தியான இடத்திலிருந்து செலவான இடம் வரையில் ஒரே பேரேடு இருக்கட்டும். அது இரு சர்க்காரின் அதிகாரிகளுக்கும் திறந்திருக்கட்டும். குறைந்த அளவுக்கு ஆலை முதலாளி பதில் சொல்ல வேண்டும். எல்லையில் ஆயிரம் பைகளைச் சோதிப்பதைவிட ஆலை வாயிலில் ஒரு புத்தகத்தைச் சோதிப்பது எளிது.

மூன்றாவதாக, மது வருமானத்தில் ஒரு நிச்சயமான பங்கைச் சிகிச்சைக்கென ஒதுக்க வேண்டும். கடலூர் அரசு மருத்துவமனையிலும், சிதம்பரத்திலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மட்டுமன்றி, தாலூகா ஆஸ்பத்திரிகளிலும் குடிநோய்ச் சிகிச்சையும் மெத்தனாலுக்கு மாற்று மருந்தும் எப்போதும் இருக்கவேண்டும். கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்டவர்களுள் பலர் எல்லை கடந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டனர். அன்று இரு ராஜ்யத்தாரும் ஒன்றாக உழைத்தனர். பிணியாளரைக் காப்பதற்குத் தடையாக நில்லாத எல்லை, பிணி வாராமற் காப்பதற்கு மட்டும் ஏன் தடையாக நிற்கவேண்டும்?

தேசத் தொண்டர்களுக்கு நாம் சொல்வது இது: சர்க்கார் தானாக அசையும் என்று காத்திருக்க வேண்டாம். குடியரசு தினத்திலும் காந்தி ஜயந்தியிலும் கிராம சபைகள் கூடுகின்றன. நவம்பர் முதல் தேதியும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள். புதுச்சேரி நம்மோடு இணைந்ததும் அந்நாளிலேதான். எல்லையோரக் கிராமங்கள் ஒவ்வொன்றிலும் இம்மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி இரு சர்க்காருக்கும் அனுப்புங்கள். குடும்பத்தலைவனை இழந்த பெண்கள் அச்சபைகளில் முன்வந்து பேசட்டும். இன்னொரு கருணாபுரம் நேர்ந்தபின் நிவாரணத் தொகை அறிவிப்பது ராஜாங்கம் நடத்துவதாகாது.