இட்லி விற்ற கல்யாணி

'பராசக்தி' என்றதும் பலருக்கும் குணசேகரனின் நீதிமன்ற வசனமே நினைவுக்கு வரும். எனக்கோ அவன் தங்கை கல்யாணி. 1952 தீபாவளிக்கு வந்த அப்படத்தில் ஸ்ரீரஞ்சனி ஏற்ற வேடம் அது. ரங்கூனில் மூன்று அண்ணன்மார். மதுரையில் செல்வ வாழ்வு. போர் அண்ணன்மாரைப் பிரித்தது. கணவன் விபத்தில் மாண்டான். அதிர்ச்சியில் தந்தையும் மறைந்தார். வீடு ஏலம் போயிற்று. கைக்குழந்தையோடு இட்லி சுட்டு விற்றாள்.

கெடா தோட்டங்களிலும் இத்துயரம் புதிதல்ல. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போன ஆண்கள் பலர் திரும்பவில்லை. மரவள்ளி நட்டுப் பிள்ளைகளைக் காத்தவர்கள் நம் பாட்டிமார்.

பெற்றோரே! அண்ணன் பணமும் கணவன் சம்பாத்தியமும் ஒரே நாளில் போய்விடலாம். படிப்பும் கைத்தொழிலும் ஏலம் போகா. மகளின் நகைக்குச் சேர்க்குமுன் அவள் படிப்புக்குச் சேருங்கள்.