பங்கர் இல்லாத பிள்ளைகள்

இரவு எட்டு மணி. முகாமின் குழாயடி விளக்குக்குக் கீழே எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சந்து முனையில் பைக் சத்தம். பென்சில் நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீடு தள்ளியிருக்கும் அம்மம்மாவின் கதவுக்குள் புகுந்துவிட்டாள். பெயின்ட் வேலை முடித்து, குடித்துவிட்டு வரும் அப்பாவின் பைக் அது.

“அண்டைக்கு ஷெல் சத்தம் கேட்டா நாங்கள் பங்கருக்குள்ள ஓடினனாங்கள், தம்பி. இண்டைக்கு இந்தப் பெட்டை பைக் சத்தம் கேட்டு என்ர வீட்டுக்கு ஓடி வாறாள்” என்றார் அம்மம்மா. 1990இல் மன்னாரிலிருந்து வந்தவர். பிள்ளைக்கு இவர் உறவுகூட இல்லை.

அகதிப் பிள்ளைகளின் மனக்காயம் என்றாலே போரைப் பேசிப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள். ஷெல் சத்தம் கேட்டறியாதவர்கள். அவர்கள் பயந்து நடுங்குவது வீட்டுக்குள்.

பழைய வீடு என்றால் பத்துக்குப் பத்து அறை. அடுப்பு, பாய், பாடப் புத்தகம் எல்லாம் அதற்குள்ளே. குறுக்கே கட்டிய பழஞ்சேலைதான் சுவர். அம்மாவுக்கு விழும் அடி, சேலைக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடிக் கிடக்கும் பிள்ளைக்கும் விழுகிறது. பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். ஆனால் பதிவு, செக்கிங், போலீஸ் என்று ஆயிரம் பயம். யாரும் வாய் திறப்பதில்லை. பாலியல் வன்முறையிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டமும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் பிள்ளையின் குடியுரிமையைக் கேட்பதில்லை. இதை எத்தனை வீடுகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறோம்?

குடியை ஒழிக்காமல் வீடு கட்டி என்ன பயன் என்பார் உண்டு. நியாயம்தான். ஆனால் அப்பன் திருந்தும்வரை பிள்ளை எங்கே போகும்? முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாக 2021இல் அரசு அறிவித்தது. முதற்கட்ட வீடுகள் 2023இல் திறக்கப்பட்டன. மிச்சமும் சீக்கிரம் எழட்டும். அதுவரை முகாமுக்கு ஓர் அறையாவது வேண்டும்: இரவிலும் விளக்கெரிய, பொறுப்பான ஒரு பெண் துணையிருக்க, உள்ளே தாழ்ப்பாளோடு. நான் போன முகாமில் மாலை வகுப்பை ஏழு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். பைக் வருவது எட்டு மணிக்கு.

ஒன்பதரைக்கு அம்மம்மா வெளியே வந்து காது கொடுத்துக் கேட்டார். “படுத்திட்டார். போ பிள்ளை.” அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அம்மம்மாவுக்கு வயது 76.