மலைவழிக்கு ஏற்ற கைவிளக்கு

இரவில் வழிச்செல்வோர்க்கு விளக்கு உற்ற துணையாகும். செவ்விய சாலையில் செல்வோர்க்கு ஊர்தியின் விளக்கே போதும். ஆயின், கல்லும் மணலும் நீரும் எதிர்ப்படும் கரடுமுரடான மலைவழிகளில் மோட்டார் சைக்கிளில் செல்வோர்க்குத் தனியே ஒரு மின்கைவிளக்கு இன்றியமையாதது.

இமயமலையில் மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் வழியைக் காண்க. அவ்வழி 5,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள தங்லாங் கணவாயைக் கடந்து செல்கின்றது. கதிரவனின் வெம்மையால் உருகும் பனி, பிற்பகலில் ஓடைகளில் பெருகி வரும். காலையில் எளிதிற் கடக்கத்தக்கதாயிருந்த ஓடை, மாலையில் கடத்தற்கரியதாகிவிடும். வெள்ளம் வடியக் கரையிலே காத்திருப்பவனை இருள் சூழ்ந்துகொள்கின்றது. அவன் வண்டியின் பின்சக்கரமும் காற்றிழந்துவிட்டது எனக் கொள்க. வண்டியின் முகப்பு விளக்கு முன்னோக்கியே ஒளிவீசும், பின்சக்கரத்தைக் காட்டாது. எஞ்சின் நின்றபின் அதனை நெடுநேரம் எரியவிட்டால் பாட்டரி வலுவிழக்கும். பின்னர் வண்டியைக் கிளப்புதல் அரிதாகும். அவ்வேளையில் கைவிளக்கே அவனுக்குக் கண்ணாகின்றது.

உலர்ந்த மின்கலங்களைக் குழாயில் அடுக்கிய கைவிளக்கிற்கு, டேவிட் மிசல் என்பார் 1899ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பழைய விளக்குகளில் மெல்லிய உலோக இழை ஒன்று காய்ந்து ஒளிவிட்டது. வண்டியின் அதிர்ச்சியால் அவ்விழை அறுந்துபோவதுண்டு. இக்காலத்து எல்.ஈ.டி. விளக்கில் இழை இல்லை; ஆதலின் அது அதிர்ச்சியைத் தாங்குகின்றது. இவ்வகை வெள்ளொளி விளக்கிற்கு வழிவகுத்த நீலநிற எல்.ஈ.டி.யைக் கண்டமைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர்க்கு 2014ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

விளக்கைத் தேர்ந்தெடுப்போர் முதற்கண் அதன் உடலை நோக்க வேண்டும். அலுமினியக் கலவையால் ஆகிய உடல் உறுதியும் இலேசும் உடையது. மின்கலத்தின் இருமுனைகளிலும் சுருள்வில் இருத்தல் நன்று. ஒரு முனையில் மட்டும் இருப்பின், வண்டி குலுங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு ஒளி அணையக்கூடும்.

அடுத்து, நீரும் தூசியும் புகாமை வேண்டும். இதனை ஐ.பி. என்னும் குறியீடு உணர்த்துகின்றது. ஐ.பி. 67 என்பதில் 6 என்னும் எண் தூசி சிறிதும் புகாது என்பதையும், 7 என்னும் எண் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கேடுறாது என்பதையும் குறிக்கும். ஓடைகளைக் கடப்போர்க்கு இவ்வளவு காப்பேனும் வேண்டும்.

பலர் லூமன் எண்ணின் பெருமையைக் கண்டு மயங்குவர். லூமன் என்பது விளக்கு வெளிவிடும் ஒளியின் மொத்த அளவு. ஒளி எட்டும் தொலைவன்று. தொலைவு, ஒளியைக் குவிக்கும் ஆடியையும் பொறுத்தது. ஒளி எட்டும் தொலைவை இருமடங்காக்க வேண்டின், ஒளிச்செறிவு நான்கு மடங்காதல் வேண்டும். வழியை ஆராயக் குவிந்த ஒளி உதவும்; சக்கரத்தைச் செப்பனிடப் பரந்த மெல்லொளி போதும். மேலும், பேரொளி தரும் சிறு விளக்குகள் சில நிமிடங்களிலேயே சூடேறித் தம் ஒளியைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே, மெல்லொளியில் எத்தனை மணி நேரம் எரியும் என்பதையே கேட்டறிதல் அறிவுடைமையாம்.

கடுங்குளிரில் மின்கலங்கள் வலிமை குன்றும். அல்கலைன் கலங்கள் குளிரில் பெரிதும் தளர்வதோடு, நாட்பட்டால் கசிந்து விளக்கையும் கெடுக்கும். லித்தியம் கலங்கள் குளிரை அவற்றினும் நன்கு தாங்கும். மாற்றுக் கலங்களைச் சட்டையின் உட்பையில் உடல்வெப்பம் படும்படி வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பவும் மின்னேற்றத்தக்க லித்தியம் அயனிக் கலங்களை உறைநிலைக் குளிரில் மின்னேற்றுதல் தீது.

கையுறை அணிந்த விரலாலும் அழுத்தத்தக்க பொத்தானும், பையினுள் தானே எரிந்துவிடாதபடி பூட்டும் வசதியும் விளக்கிற்கு வேண்டும். சக்கரத்தைக் கழற்ற இருகைகளும் தேவையாதலின், தலையில் கட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்றும் உடனிருத்தல் நலம்.

கைவிளக்கு வழியைக் காட்டுவதோடன்றி, உதவியை அழைக்கும் குரலுமாகும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஒளிகாட்டி, பின்பு ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் அவ்வாறே செய்தல் மலையேறுவோர் கையாளும் அபாயக்குறி. நிமிடத்திற்கு மூன்று முறை மறுமொழியாக ஒளி தோன்றின், அழைப்பைப் பிறர் கண்டனர் என்பது பொருள்.

விளக்கை வாங்குதல் ஒருநாட் செயல். பேணுதல் என்றும் செய்யத்தக்கது. புறப்படுமுன் அதனை எரித்துப் பார்த்து, ரப்பர் வளையத்தைத் துடைத்து, மின்கலங்களை ஆராய்பவன் இருளுக்கு அஞ்சான். விலை மிகுந்த விளக்கன்று, வேண்டும் பொழுதில் எரியும் விளக்கே சிறந்த விளக்காகும்.