சொல்லுக்கும் போருக்கும் இடையே

1834-ஆம் ஆண்டு சூன் திங்களில் மெக்காலே சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார். தலைமை ஆளுநர் பெண்டிங்க் பிரபு அப்போது உடல்நலம் கருதி உதகமண்டலத்தில் தங்கியிருந்தார். அவரைக் காண மெக்காலே பல்லக்கில் ஏறி, மைசூர் வழியாக நீலமலையை அடைந்தார். மழைக்காலம் முழுவதையும் அவர் அங்கேயே கழிக்க நேர்ந்தது. இந்தியத் தண்டனைச் சட்டமே அந்த மழையில்தான் எழுதப்பட்டது என்று உதகையில் பெருமையாகச் சொல்வாருண்டு. அச்சட்டத்தை வரைந்த ஆணையம் 1835-இல்தான் அமைக்கப்பட்டது. வரைவு நிறைவடைந்தது 1837-இல். எனவே அப்பெருமையை அப்படியே ஏற்பதற்கில்லை. எனினும், அச்சட்டத்திற்குத் தலைமை வகித்தவர் இந்நாட்டில் முதன்முதலில் நெடுநாள் தங்கிய ஊர் உதகை என்பது உண்மை.

மெக்காலேயின் வரைவில் அரசுக்கு எதிரான குற்றங்கள் இருவகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பது ஒன்று. அரசின்மீது வெறுப்பை வளர்க்கும்படி பேசுவதும் எழுதுவதும் மற்றொன்று. 1860-இல் சட்டம் நிறைவேறியபோது முதல்வகை மட்டும் 121-ஆம் பிரிவாக இடம்பெற்றது, இரண்டாவது விடுபட்டது. அது பிழையால் நேர்ந்த விடுபாடு என்று பின்னர் விளக்கம் கூறிய ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், 1870-ஆம் ஆண்டின் 27-ஆம் சட்டத்தின் வாயிலாக அதனை 124-அ பிரிவாகச் சேர்த்தார். அதே சட்டம் 121-அ என்னும் மற்றொரு பிரிவையும் கொண்டுவந்தது. போர் தொடுப்பதற்கான சதியைத் தண்டிப்பது அப்பிரிவு. ஒரே நாளில் பிறந்த இவ்விரு பிரிவுகளும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டு வரலாற்றில் அடுத்தடுத்துப் பயன்படுத்தப்பட்டன.

பெயரில் தொடங்கும் குழப்பம்

124-அ பிரிவைத் தமிழில் இராசத்துரோகம் என்றும், அரசத்துரோகம் என்றும் வழங்குவர். நாளிதழ்களில் அது பெரும்பாலும் 'தேசத்துரோகம்' ஆகிவிடுகிறது. இது சிறிய மாற்றம்போலத் தோன்றினும் பொருளில் பெரிய மாற்றமாகும். அப்பிரிவு 'தேசம்' என்ற சொல்லையே ஆளவில்லை. 'சட்டத்தால் நிறுவப்பட்ட அரசாங்கம்' என்றே கூறுகிறது. அரசாங்கம் வேறு, நாடு வேறு. ஓர் அரசாங்கத்தை வெறுப்பவர் அந்நாட்டை நேசிப்பவராக இருக்கலாம். அந்த நேசத்தினாலேயே அரசாங்கத்தை வெறுக்கவும் கூடும். 'துரோகம்' என்ற சொல்லோ கேட்பவர் மனத்தில் விசாரணைக்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறது.

பேச்சு, எழுத்து, சைகை, காட்சி ஆகியவற்றின் வழியே அரசாங்கத்தின்மீது வெறுப்பையோ அவமதிப்பையோ பற்றின்மையையோ தூண்டுவதே 124-அ கூறும் குற்றம். இதில் ஆயுதம் வேண்டியதில்லை, கூட்டம் வேண்டியதில்லை, கலவரம் நடந்திருக்கவும் வேண்டியதில்லை. 1897-இல் திலகர்மீதான வழக்கில் நீதிபதி ஸ்ட்ரேச்சி, பற்றின்மை என்பதற்கு அன்பு இல்லாமை என்றே பொருள் கண்டார். அரசாங்கத்தின்மீது அன்பு கொள்ளாதிருப்பதே குற்றமாகும் அளவுக்கு அந்தச் சொல் விரிந்தது.

போர் தொடுத்தல் அவ்வாறன்று. அதில் வன்முறை இருத்தல் வேண்டும். அவ்வன்முறையின் நோக்கம் அரசின் அதிகாரத்தையே எதிர்ப்பதாக இருத்தல் வேண்டும். எத்தனை பேர் கூடினர், எவ்வகை ஆயுதம் ஏந்தினர் என்பவை சான்றுகளாகுமேயன்றி முடிவான அளவுகோல் ஆகா. நோக்கமே அளவுகோல். ஒரு கற்பனைச் சூழலைக் கொண்டு இதனைக் காணலாம். குன்னூர்ச் சந்தையில் ஒருவர் நின்று, "இந்த ஆட்சி ஒழிய வேண்டும்" என்று முழங்குகிறார். ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூலி நிலுவைக்காகத் திரண்ட தொழிலாளர்கள் மேலாளரின் பங்களாவைக் கல்லெறிந்து உடைக்கின்றனர். வேறொரு குழு ஆயுதங்களுடன் அரசு அலுவலகத்தைக் கைப்பற்றி, இனி இங்கு அரசின் ஆணை செல்லாது என அறிவிக்கிறது. முதலாவது சொல், 124-அ பிரிவு தீண்டக்கூடியது அது ஒன்றே. இரண்டாவதில் வன்முறை உண்டு. ஆயினும் அதன் குறி ஒரு தனிப்பட்ட குறைதான். கலகம், சேதம் விளைவித்தல் ஆகிய குற்றங்கள் அதற்குப் பொருந்தும். போர் தொடுத்தல் பொருந்தாது. மூன்றாவது மட்டுமே 121-ஆம் பிரிவின் எல்லைக்குள் வரும்.

தண்டனையிலும் வேறுபாடு உண்டு. 121-ஆம் பிரிவுக்குத் தூக்கு அல்லது வாழ்நாள் தண்டனை. 124-அ பிரிவுக்கு வாழ்நாள் தண்டனையும் உண்டு, மூன்றாண்டுச் சிறையும் உண்டு, வெறும் அபராதமும் உண்டு. இவ்வளவு அகன்ற இடைவெளியை நிரப்பும் பொறுப்பு நீதிபதியின் மனப்போக்கிடம் விடப்பட்டது. அதன் விளைவைத் திருநெல்வேலி கண்டது.

இரண்டு தீர்ப்புகள்

சுதேசி நாவாய்ச் சங்கத்தை 1906-இல் தொடங்கிய வ. உ. சிதம்பரனார், 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றார். சுப்பிரமணிய சிவாவுடன் இணைந்து நாள்தோறும் பொதுக்கூட்டங்களில் பேசினார். பிபின் சந்திரபாலின் விடுதலையைத் தடையை மீறிக் கொண்டாடிய பின்னர், மார்ச் 12-ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின. காவல்துறை சுட்டதில் நால்வர் மாண்டனர். கொந்தளிப்பு நிகழ்ந்தபோது சிதம்பரனார் சிறையில் இருந்தார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அவர்மீதான வழக்கு அவர் பேசியவற்றைப் பற்றியது.

நீதிபதி பின்ஹே 1908 சூலை 7-ஆம் நாள் தீர்ப்பளித்தார். பேச்சுக்காக ஒரு வாழ்நாள் நாடுகடத்தல். சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக மற்றொரு வாழ்நாள் நாடுகடத்தல். ஒவ்வொன்றும் இருபதாண்டு என்று கொண்டு, மக்கள் அதனை நாற்பதாண்டுத் தண்டனை என்றனர். சிவாவுக்குப் பத்தாண்டு. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் சிதம்பரனாரின் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது. நீலமலையிலிருந்து இறங்கினால் வரும் கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பரில் விடுதலையானார். அவருடைய கப்பல் நிறுவனம் அதற்குள் அழிந்துபோயிருந்தது.

அவர் சிறையிலிருந்தபோதே இரண்டாவது வழக்கு எழுந்தது. 1911 சூன் 17-ஆம் நாள் மணியாச்சித் தொடர்வண்டி நிலையத்தில், திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்று, தம்மையும் சுட்டுக்கொண்டார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் கொல்ல மூவாயிரம் பேர் உறுதிபூண்டுள்ளனர் என்று கூறும் கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது. கொலையாளி இறந்துவிட்டமையால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால், அது தனியொருவரின் செயலன்று என்று அரசு கருதியது. நீலகண்ட பிரம்மச்சாரியை முதல் எதிரியாகக் கொண்டு 14 பேர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. பாரதமாதா சங்கம் என்னும் மறைவியக்கத்தை அமைத்து, ஆயுதப் புரட்சிக்கு அவர்கள் சதி செய்தனர் என்பது குற்றச்சாட்டு. தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், நீதிபதிகள் எய்லிங், சங்கரன் நாயர் ஆகிய மூவர் அமர்ந்து விசாரித்தனர்.

இங்கே எழுந்த வினா சிதம்பரனார் வழக்கில் எழுந்ததினின்றும் முற்றிலும் வேறானது. என்ன பேசினர் என்பது இவ்வழக்கின் மையமன்று. என்ன செய்ய உடன்பட்டனர் என்பதே மையம். 121-அ பிரிவின்படி சதிக்கு உடன்பாடே போதும். அதைத் தொடர்ந்து ஒரு செயலும் நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே, 'பேசினால் அரசத்துரோகம், செய்தால் போர்' என்று எளிதாகக் கோடு கிழித்துவிட முடியாது. பிறர் மனத்தில் வெறுப்பை மூட்டுவது ஒன்று. வன்முறையால் அரசை வீழ்த்தத் தமக்குள் உடன்படுவது மற்றொன்று. கோடு அங்கேதான் செல்கிறது.

1912 பிப்ரவரியில் வெளிவந்த தீர்ப்பில் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டனர். எவருக்கும் தூக்கு விதிக்கப்படவில்லை. அவர்களுள் மிகுதியான தண்டனை பெற்றவர் நீலகண்ட பிரம்மச்சாரி, ஏழாண்டுச் சிறை.

இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது சட்டநூல் சொல்லாத ஒன்று தெரிகிறது. அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக நிறுவப்பட்டவருக்கு ஏழாண்டு. கூட்டத்தில் பேசியவருக்கு முதலில் விதிக்கப்பட்டதோ நாற்பதாண்டு. சட்டம் சிறிய குற்றமாகக் கருதிய ஒன்றை ஆட்சியாளர் பெரிய ஆபத்தாகக் கருதினர். மறைவாகக் கூடிய சிலரைக் காட்டிலும், ஆலைத் தொழிலாளரும் வணிகரும் வழக்கறிஞரும் ஒரே மேடையின்முன் திரண்டதே அவர்களை அச்சுறுத்தியது போலும்.

உதகையில் ஏற்றப்பட்ட கொடி

வழக்கே தொடுக்காமல் ஒருவரின் வாயை அடைக்கவும் அரசிடம் வழி இருந்தது. அது நீலமலையிலேயே அரங்கேறியது. தன்னாட்சி இயக்கத்தை நடத்திவந்த அன்னி பெசண்டையும், அவருடைய துணைவர்களான அருண்டேல், வாடியா ஆகியோரையும் 1917 சூனில் சென்னை அரசு காவலில் வைக்க ஆணையிட்டது. மூவரும் உதகமண்டலத்திற்கு வந்தனர். போர்க்காலத்தில் இயற்றப்பட்ட இந்தியப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு இடமளித்தது. இன்ன பேச்சு குற்றம் என்று எவரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, எதிர்வாதத்திற்கும் இடமில்லை. 'குலிஸ்தான்' என்னும் மலைவீட்டில் தங்கிய அன்னி பெசண்ட், தோட்டத்தில் சிவப்பும் பச்சையுமான தன்னாட்சிக் கொடியை ஏற்றினார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்கக் குடியரசுத்தலைவர் வில்சனுக்கு முறையிட்டு எழுதியதோடு தம் பட்டத்தையும் துறந்தார். செப்டம்பரில் மூவரும் விடுவிக்கப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரசு மாநாட்டுக்கு அன்னி பெசண்டே தலைவரானார். 124-அ பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் நின்றவருக்குத் தம் தரப்பைச் சொல்லும் வாய்ப்பாவது இருந்தது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

விடுதலைக்குப் பின்

அரசியலமைப்பு அவையில் பேச்சுரிமையின் வரம்புகள் விவாதிக்கப்பட்டபோது, அரசத்துரோகம் என்னும் சொல்லை வரைவிலிருந்து நீக்கும் திருத்தத்தைக் கே. எம். முன்ஷி முன்மொழிந்தார், சொல் நீங்கியது. ஆனால் தண்டனைச் சட்டத்திலிருந்த பிரிவு நீங்கவில்லை. அதன் செல்லுபடித்தன்மை 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அப்பிரிவை நிலைநிறுத்தியது. அதேவேளை அதன் சிறகையும் வெட்டியது. வன்முறையைத் தூண்டும் அல்லது பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கமோ போக்கோ உடைய சொற்கள் மட்டுமே குற்றமாகும். அரசாங்கத்தைக் கடுமையாகக் குறைகூறுவது குற்றமாகாது என்றது தீர்ப்பு. ஸ்ட்ரேச்சி கண்ட 'அன்பு இல்லாமை' இத்துடன் முடிவுக்கு வந்தது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட நாளில் பிரிவினை முழக்கம் எழுப்பிய இருவரை 1995-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஓரிருமுறை எழுப்பிய முழக்கத்தால் மக்களிடையே எவ்வித விளைவும் ஏற்படவில்லை என்பதே காரணம்.

போர் தொடுத்தல் பற்றிய விளக்கமும் வளர்ந்தது. 2001 டிசம்பர் 13-ஆம் நாள் நாடாளுமன்றத்தின்மீது ஐவர் நடத்திய தாக்குதல் தொடர்பான வழக்கில், 2005-இல் உச்ச நீதிமன்றம் இதனை விரிவாக ஆராய்ந்தது. படையணிகள் மோதும் போர்க்களம் தேவையில்லை; தாக்கியோர் சிலரேயாயினும், குறியும் நோக்கமும் அரசின் இறையாண்மையாக இருப்பின் அது போர் தொடுத்தலே என முடிவு செய்தது.

இவ்வளவு தெளிவு பிறந்த பின்னரும் காவல்நிலையத்தில் இரு பிரிவுகளும் கலந்தே எழுதப்பட்டதுண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் போராடிய ஆயிரக்கணக்கான மீனவ மக்கள்மீது 2011, 2012-ஆம் ஆண்டுகளில் வழக்குகள் பதியப்பட்டன. அவற்றில் 124-அ பிரிவும் இருந்தது, 121-ஆம் பிரிவும் இருந்தது. கேதார்நாத் அளவுகோலால் அளந்தால் முதலாவதே ஐயத்திற்குரியது. உண்ணாநோன்பிருந்த கடற்கரைச் சிற்றூரைப் போர்க்களம் என்பது எந்த அளவுகோலுக்கும் பொருந்தாது. அப்போராட்டக்காரர்கள்மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப்பெற முயல வேண்டும் என 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியது. வழக்கு தீர்ப்பை எட்டுகிறதா என்பது வேறு. கடவுச்சீட்டு கிடைக்காமை, வேலைக்கான காவல்துறைச் சான்று மறுக்கப்படுதல் முதலியன வழக்குப் பதிந்த நாளிலேயே தொடங்கிவிடும் தண்டனைகள்.

இச்சட்டத்தை நமக்குத் தந்த இங்கிலாந்து 2009-இல் சட்டம் இயற்றித் தன் நாட்டில் அரசத்துரோகக் குற்றத்தை ஒழித்தது. இந்தியாவில் 2022 மே 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 124-அ பிரிவின் நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. பின்னர் 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பழைய 121, 121-அ பிரிவுகள் அதில் 147, 148 என எண் மாறித் தொடர்கின்றன. அரசத்துரோகம் என்னும் பெயர் இல்லை. அதனிடத்தில் 152-ஆம் பிரிவு உள்ளது. பிரிவினையையோ ஆயுதக் கிளர்ச்சியையோ சீர்குலைவுச் செயல்களையோ தூண்டுவதும், நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டிற்கும் ஊறு விளைவிப்பதும் அதன்படி குற்றங்கள். 'அரசாங்கத்தின்மீது வெறுப்பு' என்னும் தொடர் நீங்கியிருக்கிறது. ஆனால் சொல்லால் தூண்டுவதும், ஆயுதக் கிளர்ச்சியும், முன்பு தனித்தனிப் பிரிவுகளில் நின்றவை, இப்போது ஒரே வாக்கியத்தில் நெருங்கி நிற்கின்றன. மூன்றாண்டாக இருந்த சிறைத்தண்டனை ஏழாண்டாகியுள்ளது. வாழ்நாள் தண்டனையும் தொடர்கிறது. அபராதம் மட்டும் விதித்து விடும் வாய்ப்பு எடுக்கப்பட்டுவிட்டது.