நஞ்சுச் சரக்கும் அதன் அளவுப் பத்திரமும்

நெற்செய்கைக்கும் மரக்கறிச் செய்கைக்கும் வேண்டிய பீடைநாசினிகள் பெரும்பாலும் கடல் கடந்தே இலங்கைக்கு வருகின்றன. கப்பல், துறைமுகம், பண்டசாலை, லொறி, கடை எனப் பல கை மாறிய பின்னரே அவை கமக்காரரின் வீட்டை அடைகின்றன. கை மாறும் ஒவ்வோரிடத்திலும் சரக்கோடு ஒரு பத்திரமும் செல்லுதல் வேண்டும். இன்ன பொருள், இத்தனை பொதி, இவ்வளவு நிறை அல்லது கனவளவு என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். இப்பத்திரம் தீர்வை அறவிடுதற்கும் விலை கணித்தற்கும் மாத்திரம் உரியதன்று. உயிர் காத்தற்கும் உரியது.

கேரளத்தில் நிகழ்ந்த கேடு

1958ஆம் ஆண்டில் இந்தியாவின் கேரளப் பகுதியிற் பலர் உணவு உண்ட சிறிது நேரத்தில் வாந்தியும் மூச்சுத் திணறலும் வலிப்பும் கண்டு வீழ்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பரத்தியோன் என்னும் பூச்சிநாசினி உணவுப் பண்டங்களோடு ஒரே கப்பலில் ஏற்றி வரப்பட்டதும், வழியில் அது கசிந்து உணவு மூடைகளில் ஊறியதும் பின்னர் வெளிப்பட்டன. பூச்சியின் நரம்பைத் தாக்கும் அந்நஞ்சு மனிதரின் நரம்பையும் அவ்வாறே தாக்கும். ஊறிய மூடை உலர்ந்த பின்னரும் நஞ்சு அதனுள்ளேயே இருக்கும்.

இக்கேட்டினை ஆராய ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டில் இந்தியா பூச்சிநாசினிச் சட்டத்தை நிறைவேற்றியது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆக்கப்பட்டது. பரத்தியோன் இலங்கையில் 1984ஆம் ஆண்டிற் தடை செய்யப்பட்டது. எனினும் நஞ்சு எதுவாயினும், அதனை ஏற்றிச் செல்லும்போது உண்டாகும் ஆபத்து ஒரே தன்மையதே.

பத்திரத்தில் எழுதவேண்டியவை

ஆபத்தான சரக்குகளை ஏற்றிச் செல்லுதல் பற்றிய விதப்புரைகளை ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 1956ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டது. கடல்வழிச் சரக்குகளுக்கான சர்வதேச விதிக்கோவை 1965ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2004ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. இவற்றின்படி சரக்கை அனுப்புவோர் பத்திரத்தில் எழுதவேண்டிய முக்கியமானவை நான்கு.

முதலாவது, ஐக்கிய நாடுகள் இலக்கம். சேதனப் பொசுபரசு சேர்ந்த நச்சுத் திரவப் பீடைநாசினிக்கு உரிய இலக்கம் 3018 ஆகும். மொழி அறியாதவரும் இலக்கத்தை அறிவர். இரண்டாவது, பொருளின் முறையான பெயர். வியாபாரப் பெயர் மாத்திரம் போதாது. மூன்றாவது, ஆபத்தின் வகுப்பும் அதன் கடுமையும். நஞ்சுகள் 6.1 என்னும் பிரிவைச் சேர்ந்தவை. கடுமை மூன்று தரங்களாகக் காட்டப்படும். நான்காவது, பொதிகளின் எண்ணிக்கையும் வகையும், பொருளின் மொத்த அளவும்.

அளவை எழுதும்போது அலகினையும் எழுதுதல் வேண்டும். “80” என்று மாத்திரம் எழுதினால் அது போத்தலா, லீற்றரா, கிலோகிராமா என்பது விளங்காது. வெவ்வேறு பொருள்களின் அளவுகளை ஒன்றாகக் கூட்டி எழுதாது, ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே எழுதவேண்டும். எழுதியவை யாவும் முழுமையானவை, சரியானவை என்று அனுப்புவோர் உறுதி கூறுதலும் வேண்டும்.

அளவு உயிர் காக்கும் விதம்

ஓர் எடுத்துக்காட்டினால் இது நன்கு விளங்கும். ஒரு லொறியில் 20 பெட்டி பீடைநாசினி வருகின்றது. ஒரு பெட்டியில் 400 மில்லிலீற்றர் போத்தல்கள் 10 உள. பத்திரத்தில் 80 லீற்றர் என்றிருக்கும். இறக்கும்போது பெட்டிகள் இருபதும் சரியாக உள்ளன. ஆயின் ஒரு பெட்டி நனைந்திருக்கின்றது. அதனுள் 4 போத்தல்கள் உடைந்துள்ளன. கையில் உள்ளது 78.4 லீற்றர். குறைந்த 1.6 லீற்றர் மறைந்து போகவில்லை. அது லொறியின் பலகையில் ஊறியிருக்கின்றது. மறுநாள் அதே லொறியில் அரிசி மூடை ஏற்றப்படலாம். பெட்டிகளை மாத்திரம் எண்ணினவர் இதனை அறியார். அளவை ஒப்பிட்டவரே அறிவர்.

தீயணைப்போருக்கும் மருத்துவருக்கும் இவ்வளவே வழிகாட்டி. 2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அப்பாற் கடலிற் தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 25 தொன் நைத்திரிக்கமிலமும் இருந்தது. கப்பல் கொழும்பை அடையுமுன்னரே அமிலக் கொள்கலனொன்று கசிந்திருந்தது. பின்னர் கப்பல் மூழ்கியது. மேற்குக் கரையோர மீனவர் தொழில் இழந்தனர். இத்தகைய வேளையில் எப்பொருள் எவ்வளவு உண்டு என்பதைச் சரக்குப் பட்டியலன்றி வேறெதுவும் கூறமாட்டாது. ஆயினும் பத்திரம் தானே கசிவை அடைக்காது. அதனைப் படித்து உடனே செயற்படுவோரும் வேண்டும்.

வெற்றுக் கலம்

வெற்றுப் பீப்பாவையும் சர்வதேச விதிகள் வெறுமையானதெனக் கொள்வதில்லை. கழுவித் தூய்மையாக்காத கலமாயின், “வெறுமையானது, தூய்மையாக்கப்படாதது” என்று பத்திரத்தில் எழுதவேண்டும். கலத்தின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறிதளவு நஞ்சும் நஞ்சே. தண்ணீர் அள்ளுதற்கும் மண்ணெண்ணெய் வாங்குதற்கும் நஞ்சுப் போத்தலைப் பயன்படுத்துதல் இக்காரணம்பற்றியே தகாது.

கமக்காரர் கவனிக்கவேண்டியவை

1. பீடைநாசினி வாங்கும்போது பொருளின் பெயர், போத்தல்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் அளவு ஆகியவை குறித்த பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

2. பலர் சேர்ந்து லொறியிலோ உழவு இயந்திரப் பெட்டியிலோ ஏற்றுவித்தால், ஏற்றும்போது ஒரு துண்டு எழுதிச் சாரதியிடம் கொடுத்தல் வேண்டும். இறக்கும்போது அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

3. நெல், அரிசி, மா, மரக்கறி, கால்நடைத் தீன் ஆகியவற்றோடு நஞ்சினை ஒருபோதும் ஏற்றலாகாது.

4. குறைவு காணப்பட்டால் கசிந்த இடத்தைத் தேடிக் காணவேண்டும். வெறுங்கையாற் தொடுதலும் மோந்து பார்த்தலும் ஆகா. மணல் அல்லது மரத்தூள் இட்டு ஊறச் செய்து, கூட்டி அள்ளிப் புறம்பாக வைத்தல் வேண்டும். வாய்க்காலுக்கோ கிணற்றுக்கோ ஓடும்படி கழுவிவிடலாகாது.

5. நஞ்சு பட்ட உணவு மூடையை வெயிலில் உலர்த்தியோ கழுவியோ உபயோகித்தல் கூடாது. கால்நடைக்கும் கோழிக்கும் இடுதலும் கூடாது.

6. எவரேனும் நஞ்சினாற் பாதிக்கப்பட்டால், அவரோடு சுட்டுத்துண்டு உள்ள போத்தலையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். எந்த நஞ்சு, எவ்வளவு என்பதே மருத்துவர் முதலில் அறிய விரும்புவதாகும்.

ஒரு மூடை நெல் குறைந்தால் கமக்காரர் அதனைத் தேடாது விடார். ஒரு போத்தல் நஞ்சு குறைந்தால் அதனினும் விரைந்து தேடுதல் வேண்டும். ஐயம் உள்ளோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறலாம்.