முசரவாக்கத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர்?

2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட 5.5 அளவு நிலநடுக்கத்தின் மையம், காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். இன்று அப்படி ஒன்று நேர்ந்தால் தூரத்தை நாமே அளக்கலாம். தேசிய நில அதிர்வு மையம் வெளியிடும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை கூகுள் வரைபடத்தில் இட்டு, தூரம் அளக்கும் வசதியால் நம் ஊர் வரை கோடு இழுத்தால் போதும். பேருந்து வழித் தூரத்தை எடுத்துவிடக் கூடாது. அதிர்வலை சாலை வழியே வருவதில்லை. மையத்தின் ஆழமும் பத்து கிலோமீட்டர் என்றால், இவ்வளவு தொலைவில் அது கணக்கை அரை கிலோமீட்டர்கூட மாற்றாது.

தூரம் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் 2012 ஏப்ரல் 11-ஐச் சுட்டலாம். சுமத்ரா அருகே, இங்கிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டருக்கு அப்பால் நிகழ்ந்த 8.6 அளவு நிலநடுக்கத்தைச் சென்னையில் உணர்ந்து மக்கள் கட்டடங்களைவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அளவில் ஓர் எண் கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகிறது. பெரிய நடுக்கத்தின் மெதுவான அலைகள் வெகுதூரம் சென்று உயரமான கட்டடங்களை ஆட்டும். ஆகவே தூரத்தை அளவோடு சேர்த்தே படிக்க வேண்டும். முதல் அறிவிப்பில் வரும் மையப்புள்ளி பின்னர் சில கிலோமீட்டர் நகரலாம் என்பதால், சற்றுப் பொறுத்து மறுபடி அளப்பது நல்லது.